ஆடும் தளம்

டீச்சர் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் ஜெல்லியைத் தட்டிப் பார்த்தாள். டக் என்றது. கிண்ணத்தைச் சாய்த்தாள், கவிழ்த்தாள், உலுக்கினாள். ஜெல்லி இருந்த இடத்தைவிட்டு இம்மியும் அசையவில்லை. எதிரே நின்ற மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். "எப்படி நிக்குது பாத்தியா? இதுமேல ஆள் ஏறி நடக்கலாம்" என்றார். டீச்சர் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதே கரண்டியால் மூன்று முறை தட்டினாள்.

ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை, வேண்டாம், கூடாது. மூன்று தட்டு என்றால் 'உங்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது'. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்றே புருஷன் பெண்டாட்டிக்குள் இந்தப் பாஷை உண்டாகிவிட்டது. டீச்சரின் தொண்டையில் வளர்ந்திருந்த சின்னக் கட்டியை எடுத்துவிட்டார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் டாக்டர் இரண்டு கட்டளை போட்டிருந்தார். புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. வயிற்றையும் காயப் போடக் கூடாது. முதல் கட்டளையைக் கேட்டு ஊரே சிரித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் குரலாலேயே கட்டி மேய்த்தவள் டீச்சர். வீட்டுக்கு வந்தபிறகும் எவன் எவனைக் கடித்தான், எவள் பென்சிலை எவள் எடுத்தாள் என்று படுக்கையில் விழும்வரை வாய் ஓயாது. அப்பேர்ப்பட்டவள் அந்தக் கட்டளையை அப்படியே கடைப்பிடித்தாள். இரண்டாவதுதான் நடக்கவில்லை. கஞ்சி இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. பாலைப் பார்த்தாலே முகம் சுளித்தாள். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அவள் கண்ணில் நீர் முட்டுவதை மேஸ்திரியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் சிவப்பாக, சில்லென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் ஜெல்லி கொடுத்தார்கள். அது மட்டும் கண்ணீர் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மேஸ்திரி அதை மனதில் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கடையில் விற்கிற ஜெல்லியை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். மிட்டாய் நாற்றம் அடிக்கிறது என்பதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு டீச்சர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய அக்கா வந்தாள். அக்கா ஒரு பெரிய விடுதியின் சமையலறையை நடத்துகிறவள். அவள் அதட்டினால் கொதிக்கிற உலையும் ஒரு நிமிஷம் அடங்கும் என்று மேஸ்திரி கேலி செய்வதுண்டு, அவள் இல்லாத நேரத்தில். தங்கையின் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அடுப்பங்கரையை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. உங்க கை கரணை பிடிச்ச கை. வீடு கட்டச் சொன்னா கட்டும். நோயாளிக்கு வாய்க்கு வக்கணையா ஆக்கிப் போடுறது வேற வேலை."

"நான் பாத்துக்கிறேன் அண்ணி."

"பாத்துக்கிட்டுதான் இருக்கீங்க. கன்னம் ஒட்டிப் போச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன். அதுக்குள்ள இவ வாய் திறந்து ஒரு கிண்ணம் ஏதாவது சாப்பிட்டா சரி. இல்லேன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். ஒரு மாசம் என் கண்ணு முன்னால இருக்கட்டும்."

மேஸ்திரி மனைவியின் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு முறையும் தட்டவில்லை, இரண்டு முறையும் தட்டவில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். களைப்பா, சம்மதமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அக்கா போனபிறகு கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றார். போகிறேன் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் இந்த வீடு எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, டம்ளர் சத்தமாவது கேட்க வேண்டும். ஒரு மாசத்துக்கு அது இல்லாமல் அவரால் முடியாது.

கேக்குச் சாமான் விற்கிற கடையில் ஜெலட்டின் பொடி கிடைத்தது. "இது என்னது, எதுல செய்றாங்க?" என்று சந்தேகத்தோடு கேட்டார். சிமெண்டையே கையில் தேய்த்துப் பார்த்து வாங்குகிற ஆள். "எலும்பு, தோலு இதுல இருந்து எடுக்கிறதுங்க. பச்சைத் தண்ணியில ஊற வைங்க, சூடானதுல கரைங்க, பழம் கிழம் சேத்து பிரிட்ஜுல வைங்க. அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். அவ்வளவுதானா என்று மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. கலக்கி, ஊற்றி, இறுக விடுவது. முப்பது வருஷமாக அவர் செய்துவருவது வேறென்ன? அவர் போட்ட தளங்களை வரிசையாக வைத்தால் ஒரு தெருவே வரும். எதுவும் இன்றுவரை ஒழுகியதில்லை, விரிசல் விட்டதில்லை, முக்கியமாக ஆடியதில்லை.

அந்தப் பெருமைதான் காலை வாரியது. கலவையில் சிக்கனம் பிடித்தால் கட்டடம் சிரிக்கும் என்பது அவர் வாழ்நாள் கொள்கை. பொடியை அள்ளி அள்ளிப் போட்டார். கிண்ணத்துக்கு உட்புறம் லேசாக எண்ணெய் பூசினார், தளத்துக்கு அடைக்கிற பலகைக்கு எண்ணெய் பூசாமல் கலவை கொட்டுகிறவன் உண்டா? அதுகூடச் சரிதான். ஆனால் புதுத் தளம் காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச்சாக்குப் போடுகிற நினைப்பில், இறுகிய ஜெல்லியின் மேல் நனைந்த துணியை விரித்து, வேளாவேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேறு ஊற்றிக்கொண்டிருந்தார். டக் என்று சத்தம் போட்டது அந்த ஜெல்லிதான், டீச்சர் மூன்று தட்டுத் தட்டியதும் அதற்குத்தான். பிறகு அவள் ஓரமாகக் கிடந்த ஈரத்துணியைப் பார்த்தாள், கீழே வழிந்து தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள், விஷயம் புரிந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தொண்டை வலிக்கும். ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். கரண்டியைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினாள். ஆட வேண்டும். ஜெல்லி என்றால் ஆட வேண்டும்.

ஆடாமல் இருப்பதற்குப் பாடுபட்ட மனிதனிடம் ஆட வை என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் மேஸ்திரி அசரவில்லை. வெள்ளிக்கிழமை பொடியைக் குறைத்து, வெறும் சர்க்கரைத் தண்ணீரில் ஒன்று செய்தார். நன்றாகவே வந்தது, ஆடவும் செய்தது. டீச்சர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். தண்ணீரைக் கடித்துத் தின்ன யாருக்குத்தான் பிடிக்கும்? ஜன்னல் பக்கம் கரண்டியை நீட்டினாள். கொல்லையில் அவள் வைத்த பப்பாளி மரம் பழுத்து நின்றது. மேஸ்திரிக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. நல்ல பழமாகப் பறித்து, மசித்து, பொடி கரைத்த சர்க்கரைத் தண்ணீரில் கலந்து வைத்தார். மத்தியானம் திறந்து பார்த்தால் அப்படியே தண்ணீராக இருந்தது. குளிர் போதவில்லை என்று நினைத்துச் சாயங்காலம்வரை விட்டார். தண்ணீர்தான். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் பொடி கொஞ்சம் கூட்டி மறுபடியும் ஒன்று செய்தார். அதுவும் கிண்ணத்தைச் சாய்த்தால் ஆறாக ஓடியது. அதே பொடி, அதே பிரிட்ஜ், அதே கை. நேற்றுப் பிடித்தது இன்றைக்கு ஏன் பிடிக்கவில்லை? மணலில் உப்பு இருந்தால் கட்டடம் சொல்லிவிடும். இது ஒன்றும் சொல்லாமல் கழுத்தறுக்கிறதே என்று நொந்துகொண்டார். அன்றைக்கு டீச்சர் சாப்பிட்டது அரை டம்ளர் கஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இன்னொரு பழத்துக்காகக் கொல்லைக்குப் போனார். கடைசி முயற்சி. அவசரத்தில் இழுத்தபோது பழத்தோடு ஒரு காயும் சேர்ந்து முறிந்து, காம்பிலிருந்து பால் புறங்கையில் வடிந்தது. வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது. முற்றின கறி வாங்கி வந்து திட்டு வாங்கிய நாட்களில் எல்லாம், டீச்சர் அவரை இதே மரத்தடிக்குத்தான் அனுப்புவாள்.

உள்ளே ஓடினார். டீச்சர் அப்போதுதான் கண் விழித்திருந்தாள்.

"கறி வேகலைன்னா ஒரு துண்டு பப்பாளிக்கா வெட்டிட்டு வரச் சொல்வியே, அது எதுக்கு?"

காலங்காத்தால என்ன கேள்வி இது என்பதுபோல அவள் பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்துத் தேய்த்து, ஊதிக் காட்டினாள். பஞ்சாகிவிடும்.

"கறியையே பஞ்சாக்குது. இந்தப் பொடி எலும்புலயும் தோல்லயும் எடுத்ததுன்னு கடைக்காரர் சொன்னார். கறிக்குப் பங்காளி. அப்புறம் அதை மட்டும் இறுக விடுமா?"

டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். டம்ளரை ஒரு முறை தட்டினாள். அறையே அதிர்கிற மாதிரி ஒரு தட்டு.

"பழத்தை வேக வச்சிட்டா அந்தக் குணம் போயிடுமா?"

இரண்டு கையையும் விரித்தாள். பிறகு, வீட்டுக்கு வந்தபிறகு முதல்முறையாக யார் கையையும் பிடிக்காமல் நடந்து அடுப்பங்கரைக்குப் போய், ஒரு பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மேஸ்திரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெல்லி வந்தாலும் வராவிட்டாலும் இது போதும் என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணமே, போதாது, அண்ணி ஆட்டோவோடு வருவாள் என்ற நினைப்பு வந்து பழத்தை வேகமாக நறுக்கினார்.

மசித்த பழம் சர்க்கரையோடு கொதித்துத் தெறித்தது. போதுமா என்று கேட்டபோதெல்லாம் டீச்சர் இரண்டு தட்டுத் தட்டினாள். பச்சை வாசனை முழுக்கப் போய், நிறம் ஆழ்ந்து வந்தபிறகுதான் ஒரு தட்டு விழுந்தது. வடிகட்டி, சற்று ஆறவிட்டு, ஊற வைத்த பொடியைக் கரைத்து, எண்ணெய் பூசிய கிண்ணத்தில் ஊற்றினார். பிரிட்ஜின் தட்டுச் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க எழுந்த ஆசையை அடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கதவைத் திறக்கப் போனபோதெல்லாம் டீச்சர் டம்ளரை எடுத்தாள். தளம் போட்டவன் பலகையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பானா?

அக்கா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வாசலில் ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு, நேராக அலமாரியைத் திறந்து தங்கையின் துணிமணிகளைப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். "சாப்பிட்டாளா?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் ஒரு துண்டையும் மடித்து வைத்தாள்.

"உக்காருங்க அண்ணி. ரெண்டு நிமிஷம்."

மேஸ்திரி கிண்ணத்தை வெளியே எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் அடியை ஒரு முக்கு முக்கினார். மேலே ஒரு தட்டை வைத்து மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சட்டென்று கவிழ்த்தார். பலகை பிரிக்கிற நேரம் எப்பேர்ப்பட்ட மேஸ்திரிக்கும் பரீட்சைதான். அக்காவும் மடித்த துணியோடு எட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ விடுபட்டு இறங்குகிற சின்னச் சத்தம். கிண்ணத்தைத் தூக்கினார்.

காலை வெயில் நிறத்தில், பளபளவென்று, விளிம்பு சிதறாமல் நின்றது ஜெல்லி. நிற்கவும் செய்தது, ஆடவும் செய்தது. மேஸ்திரி தட்டை மேஜைக்குக் கொண்டுபோன ஒவ்வோர் அடிக்கும் அது ஓர் ஆட்டம் போட்டது. "அட" என்றாள் அக்கா, தன்னை அறியாமல்.

டீச்சர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மேஸ்திரி அவள் கண்ணையே பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் நீர் வரவில்லை. இன்னொரு கரண்டி. இன்னொன்று. மெதுவாக, ரசித்து, ஜெல்லி மலையின் ஒரு பக்கத்தையே சரித்துவிட்டாள். அக்கா ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "பப்பாளியா? என் விடுதியில ஒருதடவை போட்டுப் பாத்தோம். பிடிக்கவே இல்ல. எப்படிப் பண்ணீங்க தம்பி?" என்றாள்.

"வேக வைக்கணும் அண்ணி. விவரம் அப்புறம் சொல்றேன்" என்றார் மேஸ்திரி. குரலில் இருந்த மிடுக்கு அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அதை மறைக்கவில்லை.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா பையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்ட. சந்தோஷம். இருந்தாலும் உன் வாயால, சரி, உன் கரண்டியால சொல்லு. என்கூட வர்றியா?"

டம்ளர் அடுப்பங்கரையிலேயே இருந்தது. டீச்சர் அதைத் தேடவில்லை. கரண்டியைத் தூக்கி, முன்னால் இருந்த தட்டின் விளிம்பில் ஒரு முறை தட்டினாள். மேஸ்திரியின் முகம் விழுந்தது. டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டே, சாவகாசமாக, இன்னொரு முறை தட்டினாள்.

அந்த அதிர்ச்சியில் தட்டிலிருந்த மீதி ஜெல்லி உச்சியிலிருந்து அடிவரை குலுங்கியது. பழக்கதோஷத்தில் முட்டுக் கொடுக்க மேஸ்திரியின் இரண்டு கையும் நீண்டன. நீண்டவை பாதி வழியில் நின்றன. அக்கா பையிலிருந்து துண்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கும்வரை அவர் அப்படியே கையை ஏந்திக்கொண்டு நின்றார். நடுவில் அது ஆடிக்கொண்டே இருந்தது.