டீச்சருக்குக் காபி

நீலசந்திரா என்ற குடியிருப்பை ஒட்டியிருந்த அந்தச் சின்ன மிஷன் பள்ளியில், மூன்றாம் வகுப்பு யூனிஸ் டீச்சருக்குக் காபி கொண்டுவருவது லேசில் கிடைக்கிற பாக்கியம் அல்ல. காலை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டைத் தாண்டி டீச்சர் வீட்டுக்கு ஓடி, அவளுடைய மாமியார் போட்டு வைத்திருக்கும் காபியைத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிவர வேண்டும். யாரை அனுப்பலாம் என்று டீச்சர் கண்ணை ஓட்டும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். கணக்கில் நூறு வாங்கினால்கூட அந்தப் பெருமை வராது. எல்லா டீச்சர்களும் செய்வதுதான். யூனிஸும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், மழைக்காலத்தில் ஒருநாள், காந்தா என்ற பிள்ளையை அனுப்பினாள். தூக்கோடு திரும்பி வரும்போது ஜட்கா வண்டிக் குதிரை மிரண்டு, சக்கரம் பெண்ணின் காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

தலைமையாசிரியர் டெஸ்மண்ட் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே. அன்று மாலையே யூனிஸைக் கூப்பிட்டார்.

"பாருங்க மிஸ், ஸ்கூல் டைம்ல பிள்ளைங்க நம்ம பொறுப்பு. நீங்க அனுப்பினீங்கன்னு வெளிய தெரிஞ்சா கோர்ட்டு, கேஸு. முதல்ல உங்க வேலை போகும். அவளா ஓடிட்டான்னு சொன்னா யாருக்கும் ஒண்ணுமில்ல. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

யூனிஸ் கணவனை இழந்தவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. வகுப்பு முழுக்கப் பார்த்த விஷயத்தை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை யார் விசாரிக்கப் போகிறார்கள்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டாள். 'உங்கள் மகள் சொல்லாமல் வெளியே ஓடிவிட்டாள்' என்று பள்ளியிலிருந்து தாய்க்குச் சொல்லி அனுப்பப்பட்டது.

மறு வாரம் அந்தத் தாய் வந்தாள். கட்டடங்களில் சித்தாள் வேலை செய்கிற சந்திரம்மா. சண்டைக்கு வந்திருப்பாளோ என்று டெஸ்மண்ட் யூனிஸையும் தம் அறைக்கு வரவழைத்தார். சந்திரம்மா இருவரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

"தப்புதான் சார். கேக்காம ஓடிருக்கா. அதுக்காவ எம் பொண்ணு பேரை அடிச்சுடாதீங்க. கால் சரியானதும் ஒழுங்கா வருவா."

"சரிம்மா, போகட்டும். மன்னிச்சாச்சு" என்றார் டெஸ்மண்ட்.

அந்த 'மன்னிச்சாச்சு' யூனிஸுக்குப் பொறுக்கவில்லை.

"அவ ஓடல சந்திரம்மா. நான்தான் அனுப்பினேன். என் காபிக்காகத்தான் போனா."

டெஸ்மண்ட் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சந்திரம்மா யூனிஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளும் அதைத்தான் சொன்னா. டீச்சரு அனுப்பிச்சாங்க, டீச்சரு அனுப்பிச்சாங்கன்னு அழுதுனே இருந்தா. டீச்சர் மேலயே பழி போடுறியாடின்னு, கட்டு போட்ட கொழந்தைன்னும் பாக்காம அறைஞ்சுட்டேன்."

"உனக்கு என்ன வேணும்னு சொல்லும்மா, கமிட்டியில பேசி..." என்று ஆரம்பித்தார் டெஸ்மண்ட். சந்திரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க வாங்க டீச்சர். வந்து அவகிட்ட சொல்லுங்க."

"மிஸ், இப்ப போனீங்கன்னா இந்த ஸ்கூலுக்குத் திரும்பி வர வேண்டியதில்ல" என்றார் டெஸ்மண்ட்.

யூனிஸ் பக்கத்து வகுப்பு ரமா டீச்சரிடம் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சந்திரம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

வார்டின் கோடியில் காந்தா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். டீச்சரும் அம்மாவும் சேர்ந்து வருவதைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. யூனிஸ் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"டீச்சர் அனுப்பலம்மா. நானாதான் ஓடினேன்."