ஆலன் தோளில் குளவிக் கூடு

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விளாங்குடியில் ஆலனின் இடது தோளில் குளவி கூடு கட்டியது. பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனவன் விழித்தபோது, தோளில் கட்டைவிரல் அளவுக்கு ஈரமண் ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினான். கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டுத் தாமரைச்செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, கலைச்சிராதீங்க. குளவி கூடு கட்டுன வீட்ல புள்ள உண்டாகும்."

"அது செவுத்துல கட்டுனாத்தானே?"

"எங்க கட்டுனா என்ன? நீங்களும் வீட்டுக்குள்ளதான இருக்கீங்க."

ஆலன் மனைவியைப் பார்த்தான். ஜாய்ஸ் மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. குளவி எதற்காகக் கூடு கட்டுகிறது, உள்ளே புழுவை ஏன் வைத்து மூடுகிறது என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துபவள். கல்யாணமாகி ஒன்பது வருடங்களில் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கிக் கலைந்திருந்தது. அவள் குளவி அடிபடாமலிருக்க எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

தை மாதத்தில் பெண் பறவை செத்ததிலிருந்து அந்த வீட்டு ஆண் லவ் பேர்ட் கத்துவதில்லை. ஆரப்பாளையத்தில் வேறொன்று வாங்கி வரலாம் என்று ஆலன் சொன்னபோது, "ஒன்னு போனா இன்னொன்னுன்னு எப்படிங்க சொல்ல முடியுது?" என்று ஜாய்ஸ் கேட்டாள். அதன்பிறகு பறவையைப் போலவே மனிதர்களும் அங்கே அதிகம் பேசவில்லை.

ஆலனுக்குக் கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் வார்க்கும் கம்பெனியில் வேலை. ஜாய்ஸ் அவன் சட்டைகளின் இடது தோளை வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தாள். குளவியும் அவனோடு பேருந்தில் போய் வந்தது. கம்பெனியில் முத்திருளன், "மாப்ள, எத்தனை மாசம்?" என்று விசாரித்தான். "மாங்கா எதுவும் திங்கணும்போல இருந்தாச் சொல்லு, வாங்கியாரேன்." சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. யாரையாவது கொட்டிவிட்டால் யார் பதில் சொல்வது, கூட்டை எடுத்துவிட்டு வா, இல்லையென்றால் வராதே என்றார். ஆலன் சம்பளமில்லாத விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தான்.

குளவி அவசரப்படவில்லை. பறவையின் தண்ணீர்க் கிண்ணம் சிந்திய இடத்திலிருந்து மண் எடுத்துவந்து பூசிக்கொண்டேயிருந்தது. கூடு எலுமிச்சையளவு ஆகி, மாதுளையளவு ஆகி, தேங்காய் அளவில் நின்றது. பங்குனி வெயிலில் மின்விசிறி இல்லாமல் ஆலன் உட்கார்ந்தபடியே தூங்கினான். ஜாய்ஸ் ஈரத்துணியால் கூட்டைச் சுற்றித் துடைத்துவிட்டாள். ஒருநாள் பள்ளி விட்டு வந்தவள், உள்ளே ஏதோ அசைகிறதென்று கூட்டின்மேல் காதை வைத்தாள். அவன் தோளில் அவள் தலை சாய்ந்து மாதக்கணக்காகியிருந்ததால் ஆலன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். அப்போது கூண்டிலிருந்த ஆண் பறவை கத்தியது. கூட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

சித்திரையில் கோடைமழை பெய்த மறுநாள் கூடு வெடித்தது. முழு இறகோடு ஒரு நீலநிற லவ் பேர்ட் வெளியே வந்தது. இடை மட்டும் குளவிக்கு இருப்பதுபோல் மெலிந்திருந்தது. ஆலனுக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"மன்னிச்சுரு, ஜாய்ஸ்."

அவள் பறவையைக் கையிலெடுத்து மண்ணை ஊதிவிட்டாள்.

"இதுக்கு எதுக்கு மன்னிப்பு? தினை டப்பாவ எடுங்க. பசியோட வந்துருக்கு."

கூண்டைத் திறந்ததும் ஆண் பறவை கம்பில் நகர்ந்து இடம் கொடுத்தது. ஜாய்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, இரண்டு முறையும் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு உலை வைத்தாள்.

கம்பெனியில் ஆலனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தாமரைச்செல்வி வந்து பார்த்து, "பேரு வச்சாச்சா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். அந்த வருடம் வீட்டில் குழந்தை உண்டாகவில்லை. அடுத்த பங்குனியில் ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகக் குளவி வந்து சுவர்களைச் சுற்றியது. ஜாய்ஸ் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். ஆலன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். கம்பெனியில் விடுப்பு முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தான்.