படத்துக்குக் கீழே இருந்த வரி

மூன்று மணிக்குக் கூட்டம். இரண்டரை ஆகியும் நான் உட்காரவே இல்லை. நூலகத்து மாடி அறையில் போட்டிருந்த நாற்பது நாற்காலிகளை ஏழு தடவை எண்ணியிருப்பேன். எங்கே ஓடிப்போகப் போகின்றன அவை? கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

என் வேலை இது: கண்காணாத தேசத்து மனிதர்கள் மேல் நம் ஊர் மனிதர்களுக்கு அக்கறை வரவைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். துண்டுப் பிரசுரம் நீட்டினால் வாங்கி விசிறிக்கொண்டே போவார்கள். இரண்டு வருடம் நாயாய் அலைந்து பன்னிரண்டு படங்களோடு இந்தக் கண்காட்சியைத் தயார் செய்திருந்தேன். இன்று கல்வி அதிகாரி வருகிறார். அவருக்குப் பிடித்தால் படங்கள் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகும். பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேலாளர் போன மாதமே சொல்லிவிட்டார்.

நடுச் சுவரில் பெரிய படம். தலையில் குடத்தோடு ஒரு பெண், பின்னால் வெறும் மண். கீழே நான் எழுதிய வரி: ‘ஒரு குடம் தண்ணீருக்குத் தினமும் ஆறு மணி நேரம் நடக்கிறாள். உங்களை விட்டால் இவளுக்கு யாரும் இல்லை.’

காலையில் சாப்பாட்டு மேஜையில் வைத்து அந்த அட்டையை நான் வெட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் எட்டிப் பார்த்தார்.

“ஆறு மணி நேரமா? ரெண்டுன்னுதானே சொன்னே?”

“ரெண்டுன்னா யாரு நின்னு படிப்பா? நீங்களே படிக்க மாட்டீங்க.”

“அது சரி, அந்தம்மாகிட்ட கேட்டியா?”

“காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. எனக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை.”

கோபம் வந்தது, அவர் சொன்னது சரி என்பதால்தான். நூலகத்துக்கு வந்ததும் பசையை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தடவி ஒட்டினேன்.

இரண்டே முக்காலுக்கு மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார். தொண்டை கட்டிவிட்டதாம், காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படத்தில் இருக்கும் பெண்ணே இன்று வீடியோ அழைப்பில் திரைக்கு வந்து பேசப்போகிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்! அப்போதுதான் நூலகத்தைத் துப்புரவு செய்யும் அக்காவின் ஞாபகம் வந்தது. அந்தத் தேசத்திலிருந்து பிழைக்க வந்து பத்து வருடம் ஆகிறது அவருக்கு. படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

“அக்கா, உங்க பாஷைதான். அரை மணி நேரம் என்னைக் காப்பாத்துங்க.”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “வரேன் மேடம். ஆனா கூட்டிக் குறைச்சுச் சொல்லத் தெரியாது எனக்கு.”

“அப்படியே சொன்னாப் போதும்க்கா” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் கல்வி அதிகாரி, பக்கத்தில் மேலாளர். எதற்கெடுத்தாலும் ‘உடனே’ என்பதால் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயரே உடனே. திரை ஒளிர்ந்தது. கையில் ஸ்பானரோடு ஒரு பெண், முழங்கை வரை கிரீஸ். பின்னால் ஒரு அடிபம்ப் பிரித்துப் போட்டுக் கிடந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

“மன்னிச்சுக்கணுமாம்,” என்றார் அக்கா. “வாஷர் போயிடுச்சாம், மாத்திட்டு இருக்காங்க. அஞ்சு கிராமத்துக்கு இவங்கதான் பம்ப் மெக்கானிக்காம்.”

நாற்பது தலைகளும் சுவர்ப்படத்தைப் பார்த்தன, திரையைப் பார்த்தன, என்னைப் பார்த்தன. படம் எடுத்து மூன்று வருடம் ஆயிற்று. இந்த அழைப்பைக்கூட மொழிபெயர்ப்பாளர்தான் ஏற்பாடு செய்தார்; அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அங்கிருந்து அவருக்கும் படம் தெரிந்துவிட்டது. விரலை நீட்டிச் சந்தோஷமாக என்னவோ கேட்டார்.

“அது என் படம்தானே, கீழே என்ன எழுதியிருக்குன்னு கேக்கறாங்க.” அக்கா என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்லட்டும்?”

“உழைக்கும் பெண்ணுன்னு சொல்லச் சொல்லு. உடனே!” என்று பல்லைக் கடித்தார் உடனே.

நல்ல வழிதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் இந்த அறையைத் துடைத்தவர் அந்த வரியைப் படிக்காமலா இருந்திருப்பார்?

“எழுதினதை அப்படியே சொல்லுங்கக்கா.”

சொன்னார். திரையில் இருந்த சிரிப்பு அணைந்தது. அந்தப் பெண் மெதுவாகப் பேசினார்.

“அப்போ நடந்தது ரெண்டு மணி நேரமாம். பம்ப் கேட்டு ஊரே போய் சர்க்கார் ஆபீஸ் வாசல்ல ஒன்பது நாள் உக்காந்தாங்களாம். அவங்க பொண்ணு, புருஷன், மாமியார் எல்லாரும்.” அக்கா என்னைப் பார்த்தார். “‘எனக்கு யாருமில்லேன்னு அவங்ககிட்ட யாரு சொன்னது?’ன்னு கேக்கறாங்க.”

வெட்கத்தில் உடம்பே கூசியது. கல்வி அதிகாரி பேனாவை மூடினார். போச்சு, இரண்டு வருடமும் போச்சு. நேராகப் போய் அட்டையைப் பிய்த்தேன். பாழாய்ப்போன பசை! நகம் உடைந்ததுதான் மிச்சம், பாதிதான் வந்தது.

“தப்பு என்னுதுன்னு சொல்லுங்கக்கா. என்ன எழுதணும்னு அவங்களையே கேளுங்க.”

பதில் வந்தது. “வேலையை முடிச்சிட்டு வந்து சொல்றேன், இருங்கன்னு சொல்றாங்க.”

அவர் முதுகைக் காட்டிக் குனிந்துவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் எவ்வளவோ கூட்டம் நடத்தியிருக்கிறேன், நடுவில் எழுந்து போகாத ஆளைப் பார்த்ததில்லை. இன்று ஒருவரும் அசையவில்லை. கல்வி அதிகாரி முன்னால் சாய்ந்து, “வாஷர் என்ன சைஸ்னு கேளுங்களேன், எங்க வீட்டுலயும் ஒழுகுது” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காலையிலிருந்து முதல் முறையாக உட்கார்ந்தேன்.

கைப்பிடி நாலு தரம் இறங்கி ஏறியது. தண்ணீர் கொட்டியது. பம்ப்பைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு கேமரா பக்கத்தில் வந்து ஒரே ஒரு வரி சொன்னார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

“எழுதிக்குங்க மேடம். ‘பம்ப் ரிப்பேர்னா கூப்பிடுங்க.’”

கிழிந்த அட்டையின் மேலேயே எழுதினேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.