ஒன்றாம் பேஸ்

2024 மே 17, வெள்ளிக்கிழமை. கோவில்பட்டி மந்தித்தோப்பு சாலையில் ஒரு வீட்டின் பின்னறையில், காலை பதினொரு மணிக்கு இணைய வேகம் ஆறு எம்பிபிஎஸ்.

செல்வமாரிக்கு இருபத்தைந்து வேண்டும். மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. அன்று மாலை நான்கு மணிக்கு அவளுடைய வீட்டு இணைப்பைச் சோதிப்பார்கள். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. தேறாவிட்டால் திங்கட்கிழமை சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கணவன் விஜயராஜின் நிலக்கடலை மண்டி, நடுவில் மூட்டைகள், கடைசியில் இந்த அறை. மோடம் மண்டியில் இருந்தது. கல் சுவர்களை வைஃபை தாண்டவில்லை. இழுத்த கேபிளை எலி கடித்தது. அதனால் வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கொண்டுவரும் அடாப்டர் ஜோடி ஒன்றை வாங்கியிருந்தாள். ஒன்று மோடத்தின் பக்கத்தில், மற்றது பின்னறையில்.

"நேரா சுவத்துல சொருகாத, கருகிரும்" என்று விஜயராஜ் இரண்டையும் ஸ்பைக் பாக்ஸில் செருகி வைத்திருந்தான். மின் அதிர்வை வடிகட்டும் அந்தப் பெட்டி சிக்னலையும் வடிகட்டிவிடும் என்று செல்வமாரி எங்கோ படித்திருந்தாள். பிடுங்கிச் சுவரிலேயே செருகினாள். வேகம் ஒன்பது ஆயிற்று.

"மூணு ஏறிட்டுல்லா! மிச்சத்துக்கு எங்கன போவ?" என்றான் விஜயராஜ்.

"போவேன். நீங்க கடலையப் பாருங்க."

ஒரு மணிக்கு மண்டியில் விளக்கு அணைந்தது. நடையில் மாமியார் பத்திரகாளி ஓட்டிக்கொண்டிருந்த மாவு மிஷினும் நின்றது. தெருவுக்கெல்லாம் தோசை மாவு விற்பவர் அவர்.

"ஏட்டி, அங்கனயும் கரண்ட் போயிட்டா?"

செல்வமாரியின் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "இங்கன ஓடுது அத்தை."

"அப்ப ஒரு பேஸ்தான் போயிருக்கு. உனக்கென்ன மகராசி, ரெண்டாம் பேஸ்ல இருக்க."

செல்வமாரி எழுந்து மீட்டர் போர்டுக்கு ஓடினாள். மூன்று தனிக் கம்பிகளில், அதாவது மூன்று பேஸில், மின்சாரம் வரும் வீடு அது. பின்னறைக்கும் மாவு மிஷினுக்கும் தனித்தனித் திருகு சுவிட்ச் உண்டு. எந்த பேஸில் வோல்டேஜ் நன்றாக இருக்கிறதோ அதற்குத் திருப்பிக்கொள்வார்கள். மோடமும் மிஷினும் ஒன்றாம் பேஸில், பின்னறை இரண்டில். சிக்னல் ஒரு கம்பியில் ஏறி இன்னொரு கம்பிக்குத் தாவ வேண்டியிருந்தது. போதாததற்கு, ஏறிய கம்பியில் மிஷினின் தொந்தரவு வேறு.

இரண்டரைக்கு மின்சாரம் வந்தது.

"அத்தை, மிஷினை மூணாம் பேஸுக்கு மாத்தப்போறேன். பின்னறைய ஒண்ணாம் பேஸுக்குத் திருப்புதேன்."

"மாத்துவ, மாத்துவ. மூணுல அரைச்ச மாவு பொங்கவே பொங்காது."

"பேஸ் பாத்தா மாவு பொங்குது?"

"இத்தன வருசம் அரைக்கேன், எனக்குத் தெரியாதா? பொங்கலைன்னா?"

"அம்புட்டு மாவையும் நானே தின்னுதேன்."

"மெட்ராஸ் போயிட்டா யாருட்டி திம்பா? திருப்பித் தொலை."

செல்வமாரி மெயினை அணைத்தாள். இரண்டு சுவிட்சுகளையும் திருப்பினாள். மெயினைப் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். திரையில் எண் இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. பின்னாலேயே வந்த விஜயராஜ் மண்டிவரைக்கும் கேட்கும்படி கத்தினான்.

"நாப்பத்தொண்ணு!"

"வெயிலா, ஏலே?" என்றார் பத்திரகாளி.

"இல்லம்மா, நெட்டு! மிஷினப் போடுங்க, பாப்போம்."

மிஷின் ஓடியது. எண் முப்பத்தொன்பதில் நின்றது. செல்வமாரி நடைக்கு ஓடி மாமியாரின் மாவுக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"விடுட்டி, கிறுக்கி" என்றார் அவர். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து நவநீதகிருஷ்ணன் என்ற அதிகாரி அழைத்தார். மூன்று முறை சோதித்தார்.

"நல்லா இருக்கு மேடம். புது கேபிள் போட்டீங்களா?"

"இல்ல சார். வீட்டுக் கரண்ட் கம்பிதான்."

அவர் நான்காவது முறையும் சோதித்துவிட்டு ஒப்புதல் அனுப்பினார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செல்வமாரி பின்னறையில் வேலையைத் தொடங்கினாள்.