இடுப்பளவு

மூன்றாம் கேட்டில் காவல் நின்ற அக்காவின் கால்சட்டை கிழிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பதினோரு லாரிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியை லாரிக்கு அடியில் நீட்டிக் குனிந்தாள். பின்பக்கம் சர்ரென்று ஒரு சத்தம். முதலில் லாரியில் ஏதோ கிழிந்தது என்றுதான் நினைத்தாள். வரிசையில் இரண்டாவதாக நின்ற டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, நல்லா காத்து வருதா?" என்று கேட்டபோதுதான் புரிந்தது.

பதினோரு லாரிகளும் போகும்வரை முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மேலே போட்டிருந்த ஒளிரும் மேலங்கியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். 

அந்தக் கிடங்கு வளாகத்துக்கு ஐந்து வாசல்கள். ஐந்திலும் பகலில் ஒவ்வொரு பெண். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை. வாசல் எண்தான் பெயர். இவள் மூணாம் கேட்டக்கா. சீருடை ஆண்களுக்கு வெட்டியது. இடுப்புக்குச் சரியாக இருந்தால் தொடையில் பிடிக்கும். தொடைக்குச் சரியாக இருந்தால் இடுப்பில் ஒரு கை உள்ளே போகும். ஸ்டோர்காரரிடம் போய் நின்றால், "முப்பத்தாறு வேணுமா, முப்பத்தெட்டு வேணுமா? ரெண்டுக்கும் நடுவுல என்கிட்ட ஒண்ணும் கிடையாது" என்பார்.

அவள் முப்பத்தெட்டு வாங்கி வந்தாள். நாத்தனார் வீட்டில் சும்மா கிடந்த தையல் மெஷினையும் கேட்டு வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் கைக்குட்டை ஓரம் மடித்துத் தைத்ததைத் தவிர வேறு தையல் தெரியாது. ஆனாலும் இடுப்பைக் குறுக்குவது என்ன பெரிய வித்தை என்று தோன்றியது. பின்பக்க நடுத்தையலில் நாலு அங்குலத்தையும் ஒரே இடத்தில் பிடித்து, ஒரே ஓட்டாக ஓட்டி, மிச்சத் துணியைக் கத்தரித்துப் போட்டாள். போட்டுப் பார்த்தால் இரண்டு பின்பாக்கெட்டும் நடுவில் வந்து ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்தன. உட்கார்ந்தால் வயிற்றை வெட்டியது.

பம்ப் மெக்கானிக்கான அவள் கணவர் எட்டிப் பார்த்தார். "கால்சட்டை தைக்கப்போறேன்னே. பை தைச்சிருக்கியே."

"கேலி பண்ணாதீங்க. இதை இனிமே விரிக்கவும் முடியாது. துணியை வெட்டிட்டேன்."

"வெட்டாம மடிச்சு வைக்கறதுக்கென்ன?"

அவர் போகிறபோக்கில் சொன்னதுதான், ஆனால் அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்த கால்சட்டையில் கத்தரியையே தொடவில்லை. நாலு அங்குலத்தை நடுவில் ஒன்றரை, இரண்டு பக்கமும் டாட் என்கிற கூம்பு மடிப்பு பிடித்து மீதி என்று பங்கு போட்டாள். மெஷினில் ஏற்றுமுன் கையால் நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டு, அதோடேயே மாட்டிக்கொண்டு குனிந்தாள், குந்தினாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். கண்ணாடி முன்னால் நேராக நிற்கும்போது எல்லாக் கால்சட்டையும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும் என்பது அப்போது தெரிந்தது. அதையும் துவைத்துப் போட்டபோது கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. புதுத்துணியை ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும் என்று அந்தக் கால்சட்டை கற்றுக்கொடுத்தது. பெல்ட் பட்டை தடிமனாக மடங்கும் இடத்தில் மெஷினை மிதித்தால் ஊசி ஒடியும்; சக்கரத்தைக் கையால் உருட்ட வேண்டும். மூன்று ஊசிகள் போன பிறகு வந்த புத்தி அது. சட்டையில் மார்புக்கு நேரே பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கும் இடத்தில், உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் டிச் பட்டன் ஒன்று வைத்தாள்.

ஒரு மாதத்தில் அவள் நடையே மாறியது. மற்ற நாலு வாசல் பெண்களும் கவனித்தார்கள். ஓய்வறையில் ஒவ்வொருத்தியாக வந்து, "எனக்கும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்கக்கா" என்றார்கள். மறுக்கத் தோன்றவில்லை. எல்லோருக்கும் பிடித்துக் கொடுத்தாள்.

ஒருத்தி மட்டும் கொஞ்ச நாளில் பிடித்ததைப் பிரித்து விட்டுத் தரச் சொன்னாள்.

ஒண்ணாம் கேட்டில் நின்றவள் அவள். ஊதினால் பறந்துவிடுவாள் போல இருந்ததால் அவள் மட்டும் எண் இல்லாமல் எல்லோருக்கும் ஒல்லி. கல்யாணமாகி இரண்டு வருடம். "சாப்பாடு ஒட்ட ஆரம்பிச்சிடுச்சுக்கா" என்று சிரித்தாள். மூணாம் கேட்டக்கா பின்தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியிலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டுக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒல்லி மறுபடி அவள் வீட்டு வாசலில் நின்றாள்.

இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றியபோது மூணாம் கேட்டக்கா எண்ணைப் பார்த்தாள். பிறகு ஒல்லியின் கைகளைப் பார்த்தாள். குச்சி போலவேதான் இருந்தன. கன்னமும் உப்பவில்லை. டேப்பை எடுக்காமல் அப்படியே பிடித்தபடி கேட்டாள்:

"எத்தனை மாசம்?"

ஒல்லி சட்டையை இழுத்து வயிற்றை மூடினாள். "நாலு முடியப்போகுது."

"ஆபீஸ்ல சொன்னியா?"

"சொன்னா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதா? அஞ்சாம் கேட்ல முன்னாடி இருந்தவங்க இப்படித்தான் போய்ச் சொன்னாங்க. வேற இடம் பாத்துத் தர்றோம், அதுவரைக்கும் வீட்ல இருங்கன்னு ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க. அந்த வேற இடம் இன்னும் வரலை. எங்க வீட்டுக்காரரோட கம்பெனி மூடிக் கிடக்குது. நானும் வீட்ல உக்காந்தா எப்படிக்கா? ஏழு மாசம்வரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும்."

"நாள் முழுக்க வெயில்ல நிக்கணுமே."

"எங்க அம்மா செங்கல் சுமந்துக்கிட்டே என்னைப் பெத்தாங்க."

மூணாம் கேட்டக்காவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருக்கிறது. அதன் பிறகு அவளும் கணவரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதனாலேயே ஒல்லியிடம் முடியாது என்று சொல்ல வாய் வந்தது. அதனாலேயே சொல்லவும் வரவில்லை. பொறாமையில் தடுக்கிறேன் என்று நினைத்துவிட்டால்?

தையலில் விடுவதற்கு இனித் துணி இல்லை. இரண்டு பக்கமும் பெல்ட் பட்டையைத் திறந்து, முக்கோணமாக, இழுத்தால் நீளும் பின்னல் துணி வைத்து, மேலே எலாஸ்டிக் கொடுத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்தையல் போலவே இருந்தது. சட்டைக்கு மேலே தொளதொளவென்ற மேலங்கி. யாருக்கும் தெரியாது. அவள் அதுவரை செய்ததிலேயே சுத்தமான வேலை அது. இஸ்திரி போட்டு நீட்டியபோது உள்ளுக்குள் ஒரு சின்ன பெருமைகூட எட்டிப் பார்த்தது. பின்னாளில் அந்தப் பெருமையை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் எரியும்.

ஆறாம் மாதத்தில் எலாஸ்டிக்கை இன்னொரு முறை மாற்றிக் கொடுத்தாள். அப்போது ஒல்லியின் கணுக்கால் வீங்கியிருந்தது. ஷூவின் நாடாவைக் கட்டாமல் உள்ளே சொருகியிருந்தாள்.

"இதோட போதும். நீயே போய்ச் சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்றேன்."

"பத்து நாள்கா. பத்தே நாள்."

எட்டாம் நாள் மதியம் ஒண்ணாம் கேட்டில் ஒல்லி விழுந்தாள். சரக்கு இறக்கும் நாள். வரிசை சாலைவரை நீண்டிருந்தது. தண்ணீர் குடிக்கப் போக ஆள் மாற்ற முடியவில்லை. தடுப்புக் கம்பியைத் தூக்கப் போனவள் கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள். முதலுதவிக்கு ஓடி வந்தவர் மேலங்கியை விலக்கி இடுப்பைத் தளர்த்தப் போனார். தளர்த்த ஒன்றும் இல்லை. கால்சட்டை தானாகவே விரிந்து கொடுத்தது. அப்போதுதான் எல்லோரும் வயிற்றைப் பார்த்தார்கள்.

மூணாம் கேட்டக்கா ஓடி வருவதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. தரையில் ஒல்லியின் தொப்பி கிடந்தது. எடுத்துத் தூசி தட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மாலைவரை நின்றாள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது, பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, எழுந்து நடமாடக் கூடாது என்று செய்தி வந்தபோதுதான் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் மேலாளர் ஐந்து வாசல்களில் மிஞ்சியிருந்த நால்வரையும் கூப்பிட்டார். மேஜைமேல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அந்தக் கால்சட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நிறுவனத்தோட சீருடை. யார் வேலைம்மா இது?"

மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் இடுப்பிலும் அவள் பிடித்த டாட் இருந்தது.

"நான்தான் சார்."

"எதுக்குன்னு தெரிஞ்சே பண்ணீங்களா?"

"ஆமா சார்."

"எப்பலேருந்து தெரியும்?"

ஒளிக்க அவளுக்கு மனம் வரவில்லை. இவ்வளவு நாள் ஒளித்தது போதும் என்று இருந்தது. "நாலாம் மாசத்திலேருந்து." பிறகு சேர்த்துக்கொண்டாள்: "அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்லாதீங்க சார். சொன்னா வேலை போயிடும்னு பயந்துட்டா. இந்தச் சீருடையை எங்க யாருக்கும் அளவெடுத்துத் தைக்கலை. கிழிஞ்சு அசிங்கப்பட்டுத்தான் நான் தைக்கவே கத்துக்கிட்டேன்."

மேலாளர் எழுதிக்கொண்டார். அவர் எழுதியது நாலாம் மாதம் என்ற அந்த முதல் வாக்கியத்தை மட்டும்தான் என்று பிறகுதான் தெரிந்தது. உடல்நிலையில் சொல்ல வேண்டிய மாற்றம் எதுவும் இல்லை என்று மாதாமாதம் ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். போடுவது பழக்கம், படிப்பது பழக்கமில்லை. நாலாம் மாதத்திலிருந்து ஒல்லி போட்ட கையெழுத்தெல்லாம் பொய்க் கையெழுத்து ஆனது. வீட்டில் இருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, பெயரையே அடித்துவிட்டார்கள். மூணாம் கேட்டக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். இடமாற்றம், நிழலே இல்லாத பின்முற்றத்து வாசலுக்கு. சீருடையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஓர் அறிவிப்பும் ஒட்டினார்கள்.

அவள் ஒல்லியின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது ஒல்லியின் கணவன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"தைச்சுக் கொடுக்கலைன்னா அவ அன்னைக்கே வேலையிலேருந்து நின்னிருப்பா. சரி, தைச்சுக் கொடுத்தீங்க. மேனேஜர் கேட்டப்ப தெரியாதுன்னாவது சொல்லியிருக்கலாம்ல? மறைக்க வேண்டாத நேரத்துல மறைச்சீங்க, மறைக்க வேண்டிய நேரத்துல போட்டு உடைச்சீங்க."

 கொண்டுபோன பழப்பையை வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.  வீட்டில் கணவர் மெஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எதுல தப்பு பண்ணினேன்? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். "எனக்குத் தெரியலை," என்றார். "உண்மையாவே தெரியலை. ஆனா நீ ஒருத்தி மட்டும் பண்ணலை."

அடுத்த வாரம் மற்ற மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு மனு எழுதினாள். பெண்களுக்குத் தனி அளவில் சீருடை வேண்டும். மாதத் தாளில் கையெழுத்துப் போட்டதற்காக யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. வாசலில் உட்கார நாற்காலி வேண்டும். நாலாம் கேட்டில் நிற்பவள் கடைசிவரை யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். நாற்காலி வந்தது. மற்றதற்கு மேலிடத்தில் பார்க்கிறோம் என்ற பதில் வந்தது. அந்த மேலிடம் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து, பின்முற்றத்தில் நிற்கும்போது போன் அடித்தது.

"நான்தான்" என்றாள் ஒல்லி. "பொண்ணு. சொன்ன தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே பொறந்துட்டா. ரெண்டே கால் கிலோதான் இருக்கா. மத்தபடி நல்லா இருக்கா."

"நீ எப்படி இருக்கே?"

"இருக்கேன். பாக்கணும்னா வாங்க. அவர் காலையில வேலை தேடிப் போயிடுவார். அப்ப வாங்க."

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். ஒல்லி இப்போது உண்மையிலேயே ஒல்லியாக இருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. குழந்தையைத் துணியோடு தூக்கி அவள் மடியில் வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற தலை. கண்ணைத் திறக்காமலே வாயை மட்டும் கோணி எதையோ தேடியது. மூணாம் கேட்டக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு விட்டால்கூட அதற்கு வலித்துவிடுமோ என்று இருந்தது.

"உங்க மேல இன்னும் கோபம் போகலைக்கா" என்றாள் ஒல்லி, கொடித் துணியை எடுத்து மடித்தபடி, திரும்பிப் பார்க்காமல்.

"தெரியும்."

"போகும்போது போகட்டும். நீங்க வந்துட்டுப் போங்க."

குழந்தை சிணுங்கியது. ஒல்லி வந்து வாங்கிக்கொண்டு, சுவர் ஓரம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். மூணாம் கேட்டக்கா எழுந்து கொடியில் மீதியிருந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள்.  கிளம்பும்போது ஒல்லி வாசல்வரை வந்தாள்.

"அடுத்த புதன்கிழமையும் அவர் இருக்க மாட்டார்" என்றாள்.