இரண்டு சீட் வண்டி

கார் வாசலில் வந்து நின்றதும் என் மகன் ஜூல் முதலில் திறந்து பார்த்தது டிக்கியைத்தான். பதினெட்டு வயதுப் பையன். இரண்டே சீட் உள்ள ஜெர்மன் கார், சாம்பல் நிறம், பொத்தானை அழுத்தினால் மேல்கூரை தானாக மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அவன் பானெட்டைத் திறப்பான், ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்ப்பான், குறைந்தது ஒரு போட்டோவாவது எடுப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் டிக்கிக்குள் குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து அகலம் பார்த்தான். பிறகு மெதுவாக மூடினான். நல்லா இருக்கும்மா என்றான். பதினைந்து வயதிலிருந்து அவன் போனைத் திறந்தால் முதலில் தெரிகிற வண்டி அது. இது ஒருவர் ஓட்டிப் பழசானது, ஆனால் அதே வண்டிதான். நல்லா இருக்கு என்று அவன் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. டிக்கியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஊரில் எல்லோரும் யோசித்தார்கள். நான் அரியாங்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கருவடிக்குப்பத்து வீட்டிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து, ஆற்றுப் பாலம் தாண்டி, தினமும் ஒரு குட்டி காரில் போய் வந்தவள். அதைத் தள்ளிவிட்டு, அம்மா வழியில் வந்த மனையையும் விற்று, இந்த வயதில் கூரை மடங்கும் காரா என்றார்கள். பக்கத்து வீட்டு பிரிஸ்கில்லா அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டாள், லுயீஸ்மேல் இருக்கிற கோபத்திலா என்று. லுயீஸ் என் கணவர். பிரான்சில், துலூஸில் இருக்கிறார். ஒவ்வொரு ஆகஸ்டும் லீவுக்கு வருவார். ஒரு ஆகஸ்ட் வரவில்லை. அடுத்த ஆகஸ்ட் போன் மட்டும் வந்தது, அங்கே ஒருத்தியோடு இருக்கிறேன், உன்னிடம் மறைக்க விருப்பமில்லை என்று. நேர்மையான மனிதர். கோபம் வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, கிள்ளுகிறார்கள் என்று தெரியும், வலிக்காது, அப்படி ஆகிவிட்டது எனக்கு. மறுநாள் கடைக்குப் போய் வழக்கம்போல மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுத்தேன். அந்த மரப்பு அப்படியே தங்கிவிட்டது.

கோபத்தில் வாங்கவில்லை. ஜூல் போகாமல் இருக்க வாங்கினேன். எங்களைப் போன்ற குடும்பங்களில், பிறக்கும்போதே பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பிறந்த பிள்ளைகள், பிரெஞ்சுப் பள்ளியான லிசேவில் கடைசிப் பரீட்சை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள். போகலாமா என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஐப்பசியில் மழை வருவதுபோல அது பாட்டுக்கு வரும். ஜூலுக்கும் வரும் என்று எனக்குத் தெரியும், அதுவும் அவன் அப்பா இருக்கும் ஊருக்கு. இங்கேயே ஒரு காலேஜில் சேர் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. கார் வாங்கினேன். அது அவனைக் கேட்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வண்டியை மந்திரிக்க மாதா கோவிலுக்குக் கொண்டுபோனோம். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, பின்சீட் எங்கே என்றார். இல்லை சாமி என்றேன். அப்ப குடும்பம் எங்கே உட்காரும் என்று கேட்டுவிட்டு, கேட்டது தவறோ என்று அவசரமாக இன்னொரு தரம் தெளித்தார். குடும்பமே இரண்டு பேர்தான், கச்சிதமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

லாஸ்பேட்டையில் கமலக்கண்ணன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஏட்டியெம் இயந்திரத்தைவிடப் பேசாத மனிதர் என்று கேள்விப்பட்டுப் போனால், இந்த வண்டியைப் பார்த்ததும் அவருக்கு வாய் வந்துவிட்டது. சைலன்சரை மாற்றினால் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்கும், பெரிய வீல் போடலாம், வண்டியை இன்னும் இரண்டு விரல் தாழ்த்தலாம் என்று அடுக்கினார். ஜூல் ஒரு காலத்தில் அந்தச் சைலன்சர் சத்தத்தைத்தான் போனில் ஓடவிட்டு என்னைச் சமையலறையிலிருந்து ஓடிவர வைப்பான். எல்லாம் போடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கீழே உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தான். பள்ளம் ஆழமாக இருக்கிறது, தேயவே இல்லை, ஆனால் ரப்பர் வயசாகிப் பக்கவாட்டில் வெடித்திருக்கிறது, மழையில் பிடிக்காது என்றான். டயர் நாலும் முதலில். பிறகு பிரேக் பேட், பிரேக் ஆயில். பிறகு பேட்டரி. கமலக்கண்ணன் முகத்தில் சுரத்தே இல்லை. ஐஸ்கிரீம் கடைக்கு வந்து மோர் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஜூன், ஜூலை முழுக்க அவன் அந்த வண்டியோடுதான் கிடந்தான். பழைய சொந்தக்காரர் அதை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தாராம். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்கும் சின்னத் துவாரங்கள் வேப்பம்பூவால் அடைத்துக் கிடந்தன. அடைத்திருந்தால் தண்ணீர் சீட்டுக்கடியில் இறங்கி வயர்களை நனைக்கும் என்று சொல்லி, ஒரு மெல்லிய கம்பியை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தான். எனக்கும் எடுக்கக் கற்றுக்கொடுத்தான். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்துக்குப் பூச்சு அடிக்க வைத்தான். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரால் அடியையும் சேர்த்துக் கழுவ வேண்டும், வேகத்தடையில் நேராக ஏறாமல் சாய்வாக ஏற வேண்டும், வாரம் ஒரு முறையாவது நன்றாக ஓடவிட வேண்டும். நான் பின்னாலேயே நின்று தலையாட்டினேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் இதை விட்டுவிட்டு எங்கே போவான் என்று நினைத்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மரத்த இடத்தில் லேசாகக் குறுகுறுத்தது.

டிரைவர் பக்கக் கதவில் ஒன்று, இரண்டு என்று பொத்தான்கள் இருந்தன. ஒருவருக்குத் தோதாகச் சீட்டை வைத்து, அதை ஒரு பொத்தானில் பதிந்துவிட்டால், பிறகு அழுத்தியதும் சீட் தானாக அந்த இடத்துக்கு நகரும். ஒன்றில் என்னைப் பதிந்தான், இரண்டில் தன்னை. அவன் அப்பாவைப்போல நெட்டை. ஒன்றை அழுத்தினால் சீட் முன்னால் வந்து உயர்ந்து என்னை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். இரண்டு என்றால் பின்னால் போய்த் தாழ்ந்து படுக்கப் பார்க்கும். ஒரு சாயங்காலம் அஜந்தா சிக்னலில் நிற்கும்போது, கண்ணாடி இறக்கப் போய் என் விரல் இரண்டின்மேல் பட்டுவிட்டது. சீட் என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. கால் பிரேக்கை விட்டு நழுவியது. வண்டி முன்னால் இருந்த ஸ்கூட்டரைப் பார்த்து ஊர்ந்தது. ஜூல் எட்டிக் கை பிரேக்கைப் போட்டான். ஒரு முழம் இடைவெளியில் நின்றது. ஸ்கூட்டர்காரருக்கு எதுவும் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, குழந்தை நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் கால் ஆடிக்கொண்டிருந்தது. அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் அவனைக் குஷிப்படுத்தலாம் என்று, கமலக்கண்ணனிடம் சைலன்சருக்குச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை மாட்டிவிடுவார் என்றேன். அவன் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினான்.

"வேணாம்மா. அந்தச் சத்தம் உனக்கு ஒத்துக்காது. தலைவலி வந்துடும்."

"எனக்கு எதுக்குடா ஒத்துக்கணும்? ஓட்டப்போறது நீ."

அவன் வெளியே வந்து கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். நான் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டேன். ஓட்டப்போகிறவன் சத்தம் கேட்பான், வீல் கேட்பான். டயரும் பிரேக்கும் பேட்டரியும் கேட்கிறவன் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவன். நான் மனையை விற்று அவனைப் பிடித்து வைக்க ஒரு வண்டி வாங்க, அவன் அதை எனக்கு ஆபத்தில்லாததாக ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்பா டிக்கெட் போட்டுட்டாரும்மா. ஆகஸ்ட் கடைசி. சொல்லணும்னுதான் பாத்துட்டு இருந்தேன், நீ இந்த வண்டிய வாங்கிட்டு வந்து நின்ன. எப்படிச் சொல்றது?"

சரி என்றேன். உள்ளே போய்ச் சாதம் வடித்தேன். கை சுட்டது, சுட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

செய்தி வெளியே போனதும் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. பிரான்சுக்கு ஒருவர் போகிறார் என்றால் அவருடைய பெட்டி அவருடையது இல்லை. அது ஊருக்கே சொந்தம். துலூஸில் இருக்கும் மருமகளுக்கு வடகம், லியோனில் இருக்கும் தம்பிக்குக் கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், மிளகாய்த்தூள், யாரோ ஒருவருக்கு அம்மிக் குழவி. குழவியை மட்டும் திருப்பி அனுப்பினேன். ஜூலின் துணிகள் ஓரமாக ஒதுங்கின. இரண்டு பெட்டியையும் பூட்டி, நிமிர்த்தி வாசலில் வைத்தபோதுதான் காரையும் பெட்டிகளையும் சேர்த்துப் பார்த்தேன். டிக்கியில் பெட்டி ஒன்றுகூடப் போகாது. கல்யாணமானதிலிருந்து ஆகஸ்ட் தவறாமல் இதே மாதிரிப் பெட்டிகளை ஏற்றி இறக்கியவள் நான். எங்கள் ஊரில் கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே டிக்கியைத்தான். நான் பார்க்கவில்லை. அவன் வண்டி வந்த அன்றே பார்த்துவிட்டான்.

டாக்சி பேசினோம். அதில் ஏறிப் போய்விடு, வண்டியை வெயிலில் எதற்கு அலைக்க வேண்டும் என்றேன். ஜூல் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்சியில் பெட்டிகள் போகட்டும், நான் உன்னோடு வருகிறேன் என்றான். சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அப்படியே போய்விடலாம் என்று பிரிஸ்கில்லா அக்காவும் டாக்சியில் ஏறிக்கொண்டாள். வடகத்துக்குக் காவல் என்று அவளே சொன்னாள். மதியச் சாப்பாடு முடிந்து, முன்னால் பெட்டிகளைச் சுமந்துகொண்டு டாக்சி, பின்னால் பந்தய வண்டி என்று கிளம்பினோம். சாவியை என்னிடம் நீட்டி, நீயே ஓட்டும்மா என்றான். வழியில் எங்களைப் போட்டோ எடுத்த பையன்கள், இவ்வளவு பெரிய வண்டி ஏன் டாக்சிக்குப் பின்னாலேயே ஊர்கிறது என்று நினைத்திருப்பார்கள். கூரையைத் திறக்கவில்லை, வெயில். மரக்காணத்துக்கு அப்பால் உப்பளங்கள் வந்தன. ஒரு சின்ன மழை வந்து உடனே நின்றது. பிரேக் அடித்துப் பார் என்றான். அடித்தேன். ஈரத்தில் வண்டி கோடு போட்டதுபோல் நேராக நின்றது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பித் தலையாட்டிக்கொண்டான்.

"துவாரத்தை மாசத்துக்கு ஒரு தடவ குத்தி விடும்மா. ஐப்பசிக்கு முன்னாடி கண்டிப்பா."

"விடறேன்."

"சும்மா நிறுத்தி வைக்காத. பேட்டரி செத்துடும்."

ஓட்டுகிறேன் என்றேன். நான் கேட்க நினைத்ததை அப்போதும் கேட்கவில்லை. அவன் சொல்ல நினைத்தது இதுதானா என்றும் தெரியவில்லை. விமான நிலையத்தில் பிரிஸ்கில்லா அக்கா எனக்கும் சேர்த்து அழுதாள். ஜூல் குனிந்து, அங்கே செய்வதுபோல, என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். தாடி குத்தியது. வடகத்தையும் கருவாட்டையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முறை கையைத் தூக்கினான்.

அக்காவை டாக்சியில் அனுப்பிவிட்டுப் பார்க்கிங்குக்குத் திரும்பினேன். வண்டியில் உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி எஞ்சினைப் போட்டேன். பக்கத்து சீட்டில் அவன் குடித்த தண்ணீர் பாட்டில் கிடந்தது. உடனே கிளம்பத் தோன்றவில்லை. இரண்டை அழுத்தலாம் என்று தோன்றியது. சீட் பின்னால் போய்த் தாழட்டும், அவன் உட்கார்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் கால் எட்டாமல் இருந்துவிட்டு, பிறகு ஒன்றை அழுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கதவுப் பக்கம் கையை விட்டு இரண்டை அழுத்தினேன்.

சீட் அசையவில்லை.

பழைய வண்டி, ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும் என்று நினைத்து, சீட்டை ஓரத்து சுவிட்சால் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி அழுத்தினேன். இப்போது நகர்ந்தது. மெல்லிய இரைச்சலோடு முன்னால் வந்து, உயர்ந்து, என்னை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து நின்றது. ஒன்றை அழுத்தினேன். அங்கேயே இருந்தது. இரண்டை அழுத்தினேன். அங்கேயே இருந்தது. இரண்டிலும் என்னைத்தான் பதிந்து வைத்திருந்தான். பின்னால் யாரோ இடத்துக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கால் பிரேக்கின்மேல் நன்றாக எட்டியிருந்தது.