பி பக்கத்தில் நாலு விநாடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. செருப்புத் தைத்துக் கொடு என்பதுபோல ஒருவர் கேட்டுச் செய்யச் சொன்ன வேலை. எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் லிஃப்ட்காரர் ஒரு சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டினார்.

"ரைட்டரே, செத்துப்போனவங்க பேசுற மாதிரி எழுத வருமா உங்களுக்கு?"

வரும் என்றேன். வராது என்று சொல்கிற எழுத்தாளனை நான் இதுவரை பார்த்ததில்லை.

"அப்ப என் வீட்டுக்காரி பேசுனத எழுதிக் குடுங்க. பதினஞ்சு நிமிஷம். ஒரு கேசட்டோட பி பக்கம்."

"என்ன பேசுனாங்க?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட வர்றேன்?"

2

எப்படித் தொடங்குவது என்று நாலைந்து தாள்களைக் கெடுத்தேன்.

(அந்நிய மண்ணில் நாற்பத்தொரு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த அந்த முதியவரின் கண்களில்... வேண்டாம். அவர் தேயவெல்லாம் இல்லை. மூன்று மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்காது.)

(தனிமை என்பது ஒரு... சீ.)

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மனிதர் வேலை செய்தது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில். பிறந்த ஊரை விட்டு இந்த ஊருக்கு வந்து, ஓய்வு பெற்று, திரும்பிப் போகாமலே தங்கிவிட்டவர். மனைவி இறந்து நாலு வருஷம். மகள் வேறு ஊரில் இருக்கிறாள். அப்பா சும்மா இருந்தால் கெட்டுப்போவார் என்று கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறந்து கொடுத்திருக்கிறாள். அதில் அவர் தினமும் எழுதுவார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், மருந்துக்கடையில் வரிசை எவ்வளவு நீளம், ஒற்றைக் காலுறை எங்கே போய்த் தொலைந்தது. அதற்குக் கீழே பாட்டைப் பற்றிய அபிப்பிராயம். வாசகர்கள் பதினாறு பேர். நான் பதினேழாவது. ஆனால் அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

அவருடைய அபிப்பிராயங்கள் கறாரானவை. "முன்னிசை ஒரு நிமிஷம் தாண்டினால் இசையமைத்தவனுக்குப் பாடுபவன்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்." "பழைய பாட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பியவர்கள், பாடியவள் மூச்சிழுத்ததையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். மூச்சு இல்லாமல் பாடுவது யார்? பிணமா?" இதை அவர் எழுதிய அன்று ரசித்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3

கேசட் விவகாரம்.

அவர் இங்கே வந்த முதல் ஒன்பது வருஷம் மனைவி ஊரிலேயே இருந்தாள். கடிதத்துக்குப் பதில் கேசட். ஏ பக்கம் அவள் பேசுவாள், பி பக்கத்தைக் காலியாக விடுவாள். யாராவது ஊரிலிருந்து வந்தால் கொடுத்தனுப்புவாள். இவர் கேட்டுவிட்டு, பி பக்கத்தில் தன் பதிலைப் பதிவுசெய்து, போகிறவர் கையில் கொடுத்துவிடுவார். மிச்ச இடத்தை வீணாக்கக் கூடாது என்று ரேடியோவில் ஓடும் பாட்டைப் பிடித்து நிரப்புவார். அவளும் தன் பக்கத்தின் கடைசியில் இரண்டு வரி பாடுவாள். அது அவர்களுக்குள் ஏற்பாடு.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பேசும்போது நடுநடுவே நிறுத்துவாள். "சொல்லுங்க, இருக்கேன்" என்பாள். அவர் பதில் சொல்வதற்கு இடம். டேப் சும்மா ஓடும். இவரும் இங்கே அறையில் தனியாக உட்கார்ந்து அந்த இடைவெளிக்குள் பதில் சொல்வார். உடன் தங்கியிருந்தவர்கள் இவருக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தார்களாம்.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு வேண்டும். அந்த இடைவெளிகள் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குச் சரியாக இருந்தன என்கிறார். ஒருமுறைகூட அவள் குறுக்கே பேசியதில்லையாம். மனைவிக்குப் புருஷன் எவ்வளவு நேரம் பேசுவான் என்று தெரியாதா என்று நான் அதைத் தள்ளிவிட்டேன். அன்றைக்குத் தள்ளியிருக்கக் கூடாது.)

ஆறாவது வருஷம் வந்த கேசட்டில் அவள் பி பக்கத்திலும் பேசியிருந்தாள். லேபிளில் எழுதியும் வைத்திருந்தாள்: "இந்தப் பக்கமும் நான்தான். மறக்காம கேளுங்க." இவர் லேபிளைப் பார்க்கவில்லை. பி பக்கம் எப்போதும் தன்னுடையதுதானே! பொத்தானை அமுக்கி, அவள் குரலின் மேலேயே பேசிவிட்டார். என்ன பேசினார் என்பதுதான் கொடுமை. அவர் பதில் எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

"நீ சொன்னதெல்லாம் முழுசா கேட்டேன். எல்லாத்துக்கும் சரி."

கேசட் ஊருக்குப் போனது. தான் எதையோ கேட்டிருந்த இடத்தில் புருஷன் குரல் 'சரி' என்று சொல்வதை அவள் போட்டுக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கேசட்டிலிருந்து கடைசி இரண்டு வரிப் பாட்டு நின்றுபோனது. மூன்று வருஷம் கழித்து இங்கே வந்தாள், இருபத்தெட்டு வருஷம் இவரோடு குடித்தனம் செய்தாள், சமையலறையில்கூட முணுமுணுத்ததில்லை. கேட்டால், "தொண்டை சரியில்ல" என்பாள்.

"முப்பத்தோரு வருஷமா ஒருத்திக்குத் தொண்டை சரியில்லன்னா ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டியிருக்கணும்ல?" என்றார் லிஃப்ட்காரர். "லிஃப்ட்டு லேசா முனகுனாலே எந்த பேரிங்னு சொல்லிடுவேன். வீட்டுக்குள்ள பாட்டு நின்னுபோனது எனக்குக் கேக்கல பாருங்க."

அவள் போனபிறகு பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில், அவள் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்திருந்த கேசட்டுகள் கிடைத்தன. அன்றைக்குத்தான் அந்த லேபிளைப் படித்தார்.

4

பி பக்கத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். இளவயது லிஃப்ட்காரர் பேசுகிறார், முடிக்கிறார். கடக் என்று ஒரு சத்தம். பிறகு ரேடியோப் பாட்டு. இரண்டுக்கும் நடுவில், பாட்டைப் பிடிக்க மறுபடி பொத்தானை அமுக்கும் முன் டேப் கொஞ்சம் ஓடியிருக்கிறது. அந்த நாலு விநாடி மட்டும் அழியாமல் தப்பித்திருந்தது.

"...சொல்லுங்க, இருக்கேன்."

ஒரு மூச்சு. பிறகு முன்னிசை.

அவ்வளவுதான் அவள் மிச்சம். அதை வைத்துக்கொண்டு நான் பதினைந்து நிமிஷம் எழுத வேண்டும். எழுதினேன். முதல் வரைவில் அவள் இங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாள். உயிர்த்துடிப்பாக இருக்கட்டும் என்று பின்னணியில் ஒரு டம்ளர் விழும் சத்தத்தையும் சேர்த்தேன். "ஒண்ணுமில்ல, பூனை" என்று அவள் சொல்வதாக எழுதினேன். எழுத்தாளர்களுக்கு இப்படி ஒரு பூனையை அவிழ்த்துவிடுவதில் ஓர் அற்ப சந்தோஷம்.

படித்துக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். "வரட்டுமான்னு அவ கேக்க மாட்டா. வர்றேன்னுதான் சொல்லுவா."

மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால் கையில் நிறுத்துக்கடிகாரம், மேசையில் நோட்டு. நோட்டில் நாலு, நாலு, நாலு, ஆறு, பதினொன்று என்று எழுதியிருந்தது.

"அந்த நாலு விநாடி நீளுது ரைட்டரே. பொண்ணுகிட்ட சொன்னேன். பழைய டேப்பு, இழுத்துக்கும்பா, விடுப்பாங்கறா. நீங்க கேளுங்க."

"...சொல்லுங்க, இருக்கேன்." மூச்சு. எங்கோ உள்ளே டம்ளர் உருளும் சத்தம். "ஒண்ணுமில்ல, பூனை."

பிறகு பாட்டு, முன்னிசையின் பாதியிலிருந்து.

லிஃப்ட்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல பூனையே கிடையாது" என்றார்.

5

(இந்த இடத்தில் நியாயமாக ஒரு விளக்கம் தர வேண்டும். அவர் கேசட்டில் யாரையாவது பேசவைத்துச் செருகியிருக்கலாம். நான் படித்துக் காட்டியதை அவர் காது... இல்லை. நானும்தானே கேட்டேன்.)

வீட்டுக்கு ஓடிவந்து முதல் காரியமாகப் பூனையை அடித்தேன். பேனாவால் நாலு கோடு. அடுத்த நாள் டேப்பில் டம்ளர் விழுந்தது. அதன்பின் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. பூனை இருந்த இடத்தில் வெறும் இரைச்சல்.

ஆக, நான் எழுதினால் அவள் பேசுகிறாள். நான் அடித்தால் அவள் வாயை மூடுகிறாள். ஒருத்தியின் வாயை ஏற்கெனவே ஒருவர் தெரியாமல் அடைத்துவிட்டார். தெரிந்தே அடைத்தவன் நான்.

லிஃப்ட்காரருக்கோ பயம் போய் ஆசை வந்துவிட்டது.

"எழுதுங்க. அவ கேட்டத எழுதுங்க. நான் பதில் சொல்லிடறேன்."

"சார், நான் எழுதினா அது நான். அவங்க இல்ல."

"குரல் அவளோடதுதானே?"

"நான் ஏதோ ஒரு கேள்வி எழுதுவேன். நீங்க அதுக்கு உருகி உருகிப் பதில் சொல்லுவீங்க. தப்பான கேள்விக்குப் பதில் சொல்லிட்டு நிம்மதியா இருந்துடுவீங்களா?"

கொஞ்சநேரம் நோட்டைப் புரட்டினார். "முப்பத்தஞ்சு வருஷமா தப்பான பதிலோடதான இருக்கேன்" என்றார். "இதுவாவது சரியா இருக்கட்டுமே."

இப்படிக் கேட்கிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

உங்களிடம் மறைக்கவில்லை, நான் எழுதியும் பார்த்தேன். ஒரு வரைவில் அவள் ஒரு வேலையில் சேரப்போவதாகச் சொன்னாள். ஒன்றில் மகளுக்கு அடுத்து வந்த கருவைப் பற்றி (இந்த வரியை முடிக்காமல் விடுகிறேன், முடித்தால் டேப்பில் வந்துவிடும்). இன்னொன்றில் "என்னைப் பாட விடுவீங்களா?" என்றாள். மூன்றுமே நன்றாக இருந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றையும், டம்ளர் விழுந்த அந்த முதல் வரைவையும் சேர்த்துக் கிழித்துப்போட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வெளியே நல்ல வெயில், கீழே யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கையில் ஒரு வெள்ளைத்தாளோடு போனேன். அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

"என்ன இது?"

"இதுக்கு மேல நான் எழுத மாட்டேன் சார். மன்னிச்சுக்கோங்க."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேசட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பொத்தானை அமுக்கினார்.

இளவயது குரல் ஆரம்பித்தது: "நீ சொன்னதெல்லாம் முழுசா கேட்டேன். எல்லாத்துக்கும் சரி..." லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கடக். பிறகு அவள்.

"...சொல்லுங்க, இருக்கேன்."

மூச்சு. டம்ளர் விழவில்லை. பூனை இல்லை. பாட்டும் வரவில்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. காலி இடம்.

"நான் கேக்கல" என்றார் லிஃப்ட்காரர். "கேட்டேன்னு சொன்னது பொய். நீ பேசுனதுமேலயே பேசித் தொலச்சிட்டேன். நீ என்ன சொன்னன்னு எனக்குத் தெரியாது. கூடவே இருந்தும் உன்கிட்ட ஒரு வார்த்த விசாரிக்கல. மன்னிச்சிடு. இன்னொருக்கா சொல்லு."

அவர் பேசி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு, அந்தப் பழைய டேப் பெட்டியிலிருந்து, பக்கத்து அறையில் இருப்பவள்போலத் தெளிவாக:

"சரி, முதல்லேருந்து சொல்றேன். அந்த எழுதறவரை வெளிய இருக்கச் சொல்லுங்க."

இதை நான் எழுதவில்லை. சத்தியமாக நான் எழுதவில்லை.

7

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்ததாக ஞாபகம். எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

நடையில் லிஃப்ட் ஓடும் சத்தம், தேய்ந்த பேரிங்கின் முனகல். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் பேசிக்கொண்டிருந்தது. நிறுத்தியது. ஆண் குரல் பதில் சொன்னது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஒருமுறை மட்டும் அவர் சத்தமாக "முடியாது!" என்றார், அவள் சிரித்தாள். பதினைந்து நிமிஷம் இருக்கும். கடைசியில் அவள் பாடினாள். இரண்டு வரி. முன்னிசை கிடையாது, எடுத்தவுடன் பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சிழுத்தது கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது.

இதன்பிறகு கதைக்கு முடிவுகள் கிடைக்காமல் இல்லை. கதவைத் திறந்தால் அவர் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார் என்று முடிக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவர் நன்றாகத்தான் இருக்கிறார், இன்று காலையும் காலுறையைப் பற்றி எழுதியிருக்கிறார். அவள் என்ன கேட்டாள் என்று நான் விசாரித்ததற்கு, "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டார். நாலு வருஷத்தில் அவர் முகம் இவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை. அந்த வெள்ளைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். அது இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஆத்திரமாக வரும், தெரியும். இவ்வளவு தூரம் இழுத்துவந்து கதவுக்கு வெளியே நிறுத்துகிறானே என்று. கதவில் காதை வைத்தேன், முழுசாகக் கேட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். அதன்கீழே எனக்குத் தோன்றிய கேள்வியைப் போட்டுவிடலாம். நீங்களும் நம்பிவிடுவீர்கள். டேப்பும் அப்படியே மாறிவிடும், அவர் அந்தத் தப்பான கேள்வியோடு மிச்ச நாளை ஓட்டுவார்.

அதனால் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்குத் தோன்றினால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பேனாவை மட்டும் எடுக்காதீர்கள்.

(                                        )

என்னைப் பொறுத்தவரை, அவள் சொன்னதை நான் கேட்கவில்லை.